120 மீட்டர் துணியில் 3 கிலோ வெட்டுத்துண்டு: எங்கே குறைக்கலாம்?

மஞ்சள்பை கேட்டது:

வணக்கம். ஈரோட்டில் மூன்று தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் வைத்து நடக்கும் சின்ன யூனிட். சென்னிமலைக் கைத்தறி காட்டன்தான் முக்கியத் துணி, 44 இன்ச் அகலம், மீட்டர் 180 ரூபாய். பெண்களுக்கான குர்தா (கீழே விரியும் ஏ-லைன், சாதாரணக் கை), தோள்பை, 16 இன்ச் குஷன் உறை ஆகிய மூன்றும் செய்கிறோம். போன மாதக் கணக்கு: துணி 120 மீட்டர், குர்தா 40, பை 35, மீதியில் குஷன் உறை. வெட்டி முடித்துச் சாக்கில் சேர்ந்த துண்டுகளை எடை போட்டால் 3 கிலோ 300 கிராம். துணி ஒரு மீட்டர் 130 கிராம் நிற்கிறது. அப்படியானால் 15.6 கிலோவில் 21 சதம் சாக்குக்குப் போகிறது.

இது தவிர வெள்ளைத் துணி கொஞ்சம் எடுத்து, கடுக்காயும் மாதுளைத் தோலும் போட்டு நாங்களே சாயம் ஏற்றுகிறோம். அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்பதும் தெரிய வேண்டும்.

கேள்விகள்: வெட்டும்போதே இதைக் குறைக்க வழி என்ன? மிஞ்சியதை எந்தப் பொருளாக மாற்றினால் கட்டுப்படியாகும்? பிளாஸ்டிக் கவர் இல்லாமல் கூரியர் அனுப்புவது எப்படி?

---

கத்தரிமேசை எழுதியது:

எடை போட்டுப் பார்த்ததே பாதி வேலை. பலர் சாக்கைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள், அதனால் எதுவும் மாறாது. இனி ஒரே சாக்கு வேண்டாம். குர்தாவுக்கு ஒன்று, பைக்கு ஒன்று, குஷனுக்கு ஒன்று, தப்பாக வெட்டியதும் நூல் அறுந்த இடமும் தனியாக ஒன்று என்று நான்கு வையுங்கள். ஒரு மாதத்தில் எது தின்கிறது என்று தெரிந்துவிடும். என் கணிப்பு, உங்கள் 3.3 கிலோவில் பெரும்பங்கு குர்தாவில்தான் போகும். ஏ-லைன் பக்கச் சரிவும் கை வளைவும் 44 இன்ச் அகலத்தில் ஒன்றோடொன்று பொருந்தாது. இடையில் கத்தி கத்தியாகத் துண்டு விழும்.

வெட்டுவதற்கு முன்னால் துணியைத் தயார் செய்வதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லா அளவும் இதன் மேல்தான் நிற்கிறது. கைத்தறித் துணி கஞ்சியோடு வரும். அப்படியே வெட்டித் தைத்தால் வாடிக்கையாளர் வீட்டில் முதல் துவைப்பில் சுருங்கி, பொருளே திரும்பி வரும். துண்டு வீணாவதைவிட முழுக் குர்தா வீணாவது மோசம். புது லாட் வந்ததும் ஓரத்தில் 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை நூலால் குறித்து, துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு மறுபடி அளக்கணும். 48 வந்தால் 4 சதம். பாவு (நீள நூல்) வாட்டத்துக்கும் ஊடை (குறுக்கு நூல்) வாட்டத்துக்கும் சுருக்கம் வேறு வேறாக இருக்கும், இரண்டையும் எழுதி வையுங்கள். பிறகு மொத்தத் துணியையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு, அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு இஸ்திரி போடுங்கள்.

துணியின் முனையைக் கிழித்து நேராக்குவது ஒரு பழக்கமாக இருக்கிறது. கைத்தறியில் அது வேண்டாம். கிழித்த ஓரத்தில் அரை இன்ச் வரை நெளிந்துபோகும், அதுவும் கழிவுதான். ஒரு ஊடை நூலை உருவி, அந்தக் கோட்டிலேயே வெட்டினால் நேராக வரும்.

இனி குர்தா. அளவு சொல்லும்போது துவைத்த பிறகு உள்ள அகலத்தை மட்டும் நம்புங்கள். 44 என்று வாங்கியது 43 ஆகியிருக்கலாம். கீழே சொல்வது, துவைத்த பிறகும் 44 நிற்கும் துணிக்கு.

முதலில் 44 இன்ச் நீளம் எடுத்து, அகலத்தில் நடுவே வெட்டினால் 22 இன்ச்சில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. தோளுக்கு அரை, கீழ் மடிப்புக்கு ஒன்றரை போக முடிந்த உயரம் 42. பக்கத் தையலுக்கு இருபுறமும் அரை அரை இன்ச் போக மார்புச் சுற்று 42. இரண்டு துண்டையும் நல்ல பக்கம் உள்ளே வைத்துச் சேர்த்தால் ஒரு பக்கத்தில் கரையும் கரையும் சேரும். அங்கே ஓவர்லாக் தேவையே இல்லை, கரை பிரியாது.

அடுத்து 15 இன்ச் நீளம். அதில் 17 இன்ச் அகலத்தில் இரண்டு கை. மிச்சம் 10 அகலம், 15 நீளம் உள்ள ஒரு பட்டை. அதிலிருந்து 5-க்கு 5 சதுரம் இரண்டு, அக்குளில் வைப்பதற்கு. அடுத்து 10-க்கு 8 துண்டு ஒன்று, கழுத்து உள்பட்டிக்கு. கடைசியாக 10-க்கு 2 மிஞ்சும், அது பக்க ஓப்பன் முடியும் இடத்தில் வைக்கும் தாங்குபட்டிக்கும் தொங்கவிடும் காதுக்கும் சரியாகப் போகும். கழுத்து 7 இன்ச் அகலம், முன் இறக்கம் 5, பின் இறக்கம் 1. உள்பட்டியிலும் உடலிலும் வெட்டிய அந்த இரண்டு கழுத்து ஓட்டைத் துண்டுகள்தான் கழிவு.

மொத்தம் 59 இன்ச், அதாவது 1.5 மீட்டர். கழிவு 3 சதத்துக்குக் கீழே.

தையலும் மடிப்பும் போகக் கை எதற்கு 13 இன்ச்தான் முடிகிறது என்று தோன்றும். உடல் 21 இன்ச் அகலம் இருப்பதால் தோள் தையல் புஜத்தில் வந்து விழும், அங்கிருந்து 13 இன்ச் போனால் முக்கால் கை ஆகிவிடும். அக்குள் சதுரம் இல்லாமல் இந்த வெட்டு வேலை செய்யாது. கையைத் தூக்கினால் குர்தா முழுதும் மேலே ஏறும், சீக்கிரத்தில் அக்குள் கிழியும். சதுரத்தைத் தைக்கும்போது மூலையில் அரை இன்ச் முன்னதாகவே ஊசியை நிறுத்தி, இறக்கி, துணியைத் திருப்பணும். ஓரம் வரை தைத்தால் மூலையில் சுருக்கம் விழும்.

இதில் குறையும் உண்டு. தோள் சரிவு கிடையாது என்பதால் கழுத்தோரம் துணி சற்றுக் குவியும். தோள் தையலைக் கழுத்திலிருந்து புஜம் நோக்கி 1 இன்ச் சரித்துத் தைத்து, உள்ளே மிஞ்சுவதை வெட்டாமல் மடித்துவிட்டால் சரியாகும். 60-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர் நூலில் நெய்த மெல்லிய துணிக்கு இந்த வெட்டு அழகாக விழும். 20-ஆம் நம்பர் மாதிரித் தடித்த துணியில் பெட்டி போல நிற்கும், அதைப் பைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஊடுநூல் எழுதியது:

கத்தரிமேசை சொன்ன வெட்டு சரி. ஆனால் ஏ-லைன் கேட்கும் வாடிக்கையாளருக்கு நேர்வெட்டைக் கொடுத்து ஏமாற்ற முடியாது. அவர்களுக்குக் கலி (கீழே விரிவுக்காகப் பக்கத்தில் வைக்கும் சரிவான துண்டு) வைத்துக் கொடுங்கள். வடக்கே கலிதார் குர்தாவை இப்படித்தான் காலங்காலமாக வெட்டுகிறார்கள், கழிவில்லாத வெட்டு புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. துணி நெய்ய எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்தவர்கள் எந்த நாட்டிலும் சதுரமாகவும் முக்கோணமாகவும்தான் வெட்டியிருக்கிறார்கள்.

10 இன்ச் அகலம், 30 இன்ச் நீளமுள்ள ஒரு பட்டையை எடுத்து, மேலே இடது மூலையிலிருந்து 1 இன்ச், கீழே வலது மூலையிலிருந்து 1 இன்ச் குறித்து, அந்த இரண்டு புள்ளியையும் சேர்த்து வெட்டினால், ஒரு முனை 1 இன்ச், மறுமுனை 9 இன்ச் உள்ள இரண்டு கலி கிடைக்கும். துளியும் வீணாகாது. ஒரு குர்தாவுக்குப் பக்கத்துக்கு இரண்டு வீதம் நான்கு கலி, ஆக இரண்டு பட்டை. கலியின் சரிந்த ஓரத்தை உடலின் நேர் ஓரத்தோடு சேருங்கள். சரிந்த ஓரம் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தால் இழுத்துக்கொண்டு தொங்கும். சேர்த்த பிறகு ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் மாட்டிவிட்டு, அப்புறம் கீழே மடியுங்கள். சரிந்த ஓரம் இறங்கிவிடும், உடனே மடித்தால் நாலு துவைப்பில் கீழ் விளிம்பு வாலும் தலையுமாக நிற்கும்.

ஒரே பக்கம் பார்க்கும் டிசைன் (பூ, யானை மாதிரி) உள்ள துணியில் கலி வெட்டக் கூடாது. பாதிக் கலி தலைகீழாக வரும். கட்டமும் கவனம். பெரிய கட்டத்தைப் பக்கத் தையலில் பொருத்தணும் என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கட்டம் அளவு தள்ளி வெட்டவேண்டிவரும், 4 இன்ச் கட்டம் என்றால் 4 இன்ச் போயிற்று. பெரிய கட்டத்தைப் பைக்கும் குஷனுக்கும் வைத்து, குர்தாவுக்கு அரை இன்ச்சுக்குக் குறைந்த கட்டமோ பிளெயினோ எடுப்பது நல்லது.

இன்னொன்று, துணி வந்த அன்றே வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, நூல் அறுந்த இடம், முடிச்சு, எண்ணெய்க் கறை எல்லாவற்றிலும் கரையில் ஒரு சிவப்பு நூலைக் கோத்துவிடுங்கள். அந்த இடம் கழுத்து உள்பட்டிக்கோ பையின் உள்பாக்கெட்டுக்கோ வரும்படி வைத்து வெட்டலாம். தைத்து முடித்த பிறகு முன்மார்பில் தப்பைக் கண்டுபிடித்தால் அந்தக் குர்தாவே போயிற்று.

உங்கள் தோள்பைக்கு ஒரு வெட்டு. 35 இன்ச் நீளம் எடுத்தால் இரண்டு பை முழுதாக வரும். 15 இன்ச் அகலத்தில் இரண்டு துண்டு, அவற்றை நடுவில் மடித்தால் இரண்டு பை. வாய் மடிப்புக்கு இருபுறமும் ஒன்றரை, பக்கத்துக்கு அரை அரை போக முடிந்த அளவு 14-க்கு 16. மிச்சம் 14 இன்ச் அகலப் பட்டையில் மேலிருந்து 26 இன்ச் எடுத்து, மூன்றரை இன்ச் வீதம் நான்காகப் பிரித்தால் நான்கு பிடி. நாலாக மடித்துத் தைத்தால் முக்கால் இன்ச்சுக்கு மேல் அகலம் நிற்கும், நல்ல கனம் தாங்கும். மிஞ்சிய 14-க்கு 9 துண்டைப் பாதியாக்கினால் இரண்டு உள்பாக்கெட். பைக்கு 45 சென்டிமீட்டர் துணிகூட ஆகாது, மேசையில் எதுவும் மிஞ்சாது.

குஷன் உறைக்கு 17 இன்ச் நீளம் எடுத்து 17, 12, 12 என்று பிரியுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இரண்டு துண்டு, ஜிப்பே வேண்டாம். மிச்சம் 3 இன்ச் பட்டை. நேர் ஓரத்துக்குப் பைப்பிங் கொடுக்கக் கிராஸ் (மூலைவாட்டில் சாய்த்து வெட்டிய பட்டி) தேவையில்லை, இரண்டு உறையின் மிச்சம் சேர்ந்தால் ஓர் உறைக்கு நாலு பக்கமும் பைப்பிங் வந்துவிடும்.

---

கணக்குநோட்டு எழுதியது:

மேலே இரண்டு பேரும் சொன்னதற்குப் பிறகு மிஞ்சுவது குறைவாகத்தான் இருக்கும். இருந்தாலும் "மிச்சத் துணியில் பொருள் செய்யலாம்" என்பதை ஒரு கணக்கோடு பாருங்கள். உங்கள் சாக்கில் கிடக்கும் 1 கிலோ என்பது ஏறக்குறைய 7.7 மீட்டர் துணி. நீங்கள் அதற்குக் கொடுத்தது 1,385 ரூபாய். போன மாதச் சாக்கு சுமார் 4,570 ரூபாய். அதைத் துண்டாக விற்றால் கிடைப்பது அதன் பக்கத்தில்கூட வராது. இப்போது ஏ-லைன் குர்தாவுக்கு 2.3 மீட்டர் போகிறது என்று வைத்தால், அது 1.5 மீட்டருக்கு வந்தால் ஒன்றுக்கு 144 ரூபாய் மிச்சம். (இது முழுதும் கழிவு குறைந்ததால் வந்ததல்ல, கீழே விரிவு குறைந்ததாலும்தான். கலி வைத்தால் இந்த மிச்சம் குறையும்.) அதனால் உழைப்பை முதலில் வெட்டில் போடுங்கள், ஒட்டுத்துணியில் அல்ல.

ஒட்டுத்துணிக் குஷன் எல்லாரும் சொல்லும் யோசனை. 5 இன்ச் சதுரம் 16 வெட்டி, அரை இன்ச் தையலில் சேர்த்தால் 16 இன்ச் முன்பக்கம் வரும். சதுரம் வெட்டவே கால் மணி நேரம், சேர்க்க 40 நிமிஷம், வரிசை வரிசையாக இஸ்திரி போட மொத்தம் கால் மணி, பின்பக்கமும் முடிப்பும் 25 நிமிஷம். ஒன்றரை மணிக்கு மேல் ஓடிவிடும். மணிக்கு 90 ரூபாய் கூலி வைத்தாலும் தையல் கூலியே 140-ஐத் தாண்டும். பிளெயின் உறை 25 நிமிஷத்தில் முடியும். இந்த வித்தியாசத்தை விலையில் வாங்க முடிகிற இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

நேரம் குறைய ஒரு வழி: சதுரம் வேண்டாம், பட்டை போதும். 17 இன்ச் நீளம் இருந்தால் போதும், அகலம் ஒன்றரையிலிருந்து 5 வரை எதுவாகவும் இருக்கலாம். அடியில் பழைய வேட்டித் துணி 17-க்கு 17 வைத்து, முதல் பட்டையை ஓரத்தில் விரித்து, அடுத்த பட்டையை அதன் மேல் நல்ல பக்கம் உள்ளே இருக்க வைத்துத் தைத்து, திருப்பி விரலால் அழுத்தி, மறுபடி அடுத்தது. அளவெடுக்கும் வேலையே இல்லை. வாட்டம் கோணலாக இருந்தாலும் அடித்துணி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர்க் கோயில் தேரில் தொங்கும் தொம்பையிலும் துண்டுத் துணியை அடித்துணி மேல் வைத்துத்தான் தைக்கிறார்கள், உறுதி அந்த அடித்துணியில் இருக்கிறது.

துண்டுகளை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், செய்யப்போகும் பொருளை வைத்துப் பிரியுங்கள். 15 இன்ச் சதுரம் வரும் துண்டெல்லாம் கிராஸ் பட்டிக்கு. சதுரத்தின் பரப்பைப் பட்டியின் அகலத்தால் வகுத்தால் நீளம்: 225-ஐ 1.5-ஆல் வகுத்தால் 150 இன்ச், இணைப்பில் போனது போக 140 கைக்கு வரும். ஒரு கழுத்துச் சுற்று 21 இன்ச் என்றால் ஆறு குர்தாவுக்குக் கழுத்துப் பைப்பிங். கடையில் வாங்கும் பாலியஸ்டர் கலந்த ரெடிமேட் பட்டியும் மிச்சம். 17 இன்ச் நீளமுள்ளவை பட்டைக் குஷனுக்கு. உள்ளங்கை அளவு உள்ளவை துணிப் பட்டனுக்கும் சுருக்குப்பைக்கும். அதற்கும் கீழே உள்ளவற்றைப் பொருளாக்க மெனக்கெடாதீர்கள்.

பொடித் துண்டுகளைக் குஷனுக்குள் திணிப்பது பற்றி: பஞ்சு போல உப்பாது, கட்டியாகி அமுங்கும், அதே அளவு குஷன் பாலியஸ்டர் பஞ்சைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். கனம் தேவைப்படும் இடத்தில்தான் இது பயன்படும். கதவிடுக்கில் வைக்கும் உருளை, தரையில் போடும் திண்டு, ஊசி குத்தும் மெத்தை இவற்றுக்குச் சரி. விரல் நகம் அளவுக்குப் பொடியாக நறுக்கினால்தான் கட்டி தெரியாது, அதுவும் கை வேலை.

விற்பதென்றால் நிறம் பிரித்து விற்கணும். திருப்பூர், கோவை வட்டாரத்தில் வெட்டுத்துண்டை மறுபடி பஞ்சாக்கி ஓப்பன் எண்ட் நூல் போடும் மில்களுக்கு நிறம் பிரித்த சுத்தக் காட்டன்தான் மதிப்பு, ஏனென்றால் அந்த நிறத்திலேயே நூல் வரும், மறுபடி சாயம் தேவையில்லை. நெய்த துணியைவிடப் பனியன் துண்டைப் பிரித்துப் பஞ்சாக்குவது சுலபம் என்பதால் அதற்குத்தான் கிராக்கி. உங்கள் மூன்று கிலோவை யாரும் தேடி வந்து எடுக்கமாட்டார்கள். பக்கத்து யூனிட்டுகளோடு சேர்ந்து மூட்டையாகச் சேருங்கள். பாலியஸ்டர் நூல் தைத்த துண்டு, கேன்வாஸ் ஒட்டிய கழுத்துத் துண்டு, பட்டன், ஜிப் எதுவும் கலந்துவிடக் கூடாது. கலந்தால் மூட்டை முழுதும் மெஷின் துடைக்கும் வேஸ்ட் விலைக்கு இறங்கும்.

யாரும் எடை போடாத ஒரு கழிவு அலமாரியில் இருக்கிறது. விற்காத குர்தா. எல்லா அளவிலும் பத்துப் பத்துத் தைத்து வைத்தால் ஒரு அளவு தீரும், இன்னொன்று தங்கும். ஒரு நிறத்துக்கு அளவுக்கு ஒன்று மட்டும் தைத்து வைத்து, மீதித் துணியை வெட்டாமல் வைத்திருங்கள், ஆர்டர் வந்ததும் வெட்டலாம். வெட்டாத துணி நாளைக்குப் பையாகவும் ஆகும். வெட்டிய குர்தா குர்தாதான்.

---

கடுக்காய் எழுதியது:

சாயத் தண்ணீருக்கு வருகிறேன். நல்ல வேளை, ரசாயனச் சாயத்தை வீட்டில் தொடங்கவில்லை. ரியாக்டிவ் சாயத்தில் போட்டதெல்லாம் துணியில் ஒட்டுவதில்லை, ஒட்டாதது தண்ணீரோடு போகும். கூடவே ஒரு லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல் உப்பு. அந்த உப்பைச் சாதாரண வடிகட்டலில் பிரிக்க முடியாது. நொய்யல் ஆறும் அதன் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டது இதனால்தான். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போடும் அளவுக்குப் போனது. கொல்லைப்புறத்தில் இரண்டு வாளி என்றாலும் அதே உப்புதான்.

உங்கள் முறைக்கு, எல்லா அளவையும் உலர்ந்த துணியின் எடைக்குச் சொல்கிறேன். துணி 1 கிலோ, தண்ணீர் 20 லிட்டர். முதலில் 30 கிராம் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்து அலசணும். இதைத் தவிர்த்தால் கஞ்சி இருந்த இடத்தில் சாயம் ஏறாமல் திட்டுத் திட்டாக நிற்கும், மறுபடி சாயம் போட்டு மறைக்கவேண்டிவரும், அதுதான் பெரிய வீண். பிறகு கடுக்காய்ப் பொடி 150 முதல் 200 கிராம், ஓர் இரவு ஊறவிட்டு, பிழிந்து, அலசாமல் காயவைக்கணும். அடுத்து படிகாரம் 150 கிராம், வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு. மாதுளைத் தோல் காய்ந்தது 300 முதல் 500 கிராம். தோலைக் கடையில் வாங்கவேண்டாம், ஜூஸ் கடைகளில் குப்பைக்குப் போவதையே சொல்லிவைத்து வாங்கிக் காயவைக்கலாம்.

கருமை வேண்டி அன்னபேதி (இரும்பு உப்பு) சேர்ப்பவர்கள் 10 கிராமில் தொடங்குங்கள், 20 கிராமைத் தாண்டாதீர்கள். தாண்டினால் பருத்தி இழை இற்றுப்போகும், ஒரு வருஷத்தில் மடிப்போரம் கிழியும். சாயம் ஏற்றிய பாத்திரத்தை அன்னபேதிக்குப் பயன்படுத்தவும் கூடாது, மிச்சம் ஒட்டியிருக்கும் இரும்பு அடுத்த மஞ்சளை அழுக்குப் பச்சையாக்கும். தாமிர உப்பு, குரோம் உப்பு இரண்டும் உங்கள் இடத்துக்குள்ளேயே வரவேண்டாம். மஞ்சள் தூளை வைத்துச் சாயம் போட்டு விற்காதீர்கள், வெயிலில் நாலு நாள் தாங்காது, திரும்பி வரும்.

தண்ணீரை ஒரே தடவை பயன்படுத்திக் கொட்டாதீர்கள். படிகாரத் தண்ணீரில் இரண்டாவது கிலோவுக்கு மேற்கொண்டு 75 கிராம் சேர்த்தால் போதும். கடுக்காய்க்கும் அப்படியே, பாதி சேர்க்கலாம். தண்ணீர் புளித்து வாடை வந்தால் நிறுத்திவிடுங்கள். சாயக் குழம்பில் முதல் துணிக்கு அடர்நிறம், அடுத்ததற்கு இளநிறம், மூன்றாவதில் நூலும் பட்டன் துணியும் போடலாம். மூன்று நிறமும் ஒரே குடும்பமாக இருப்பதால் ஒட்டுத்துணிக்கு அழகாகப் பொருந்தும். கடைசியில், படிகாரத் தண்ணீர் புளிப்பு, சோடாத் தண்ணீர் காரம். இரண்டையும் தனித்தனியாகச் செடிக்கு ஊற்றவேண்டாம். ஒரு டிரம்மில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் நுரைத்து அடங்கும், ஒரு நாள் தெளியவிட்டு மேல்தண்ணீரை இரண்டாவது அலசலுக்கு எடுக்கலாம். அடியில் படியும் வண்டலைச் செடிக்குப் போடாமல் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். மாதுளைச் சக்கையை உரக்குழியில் போடலாம்.

கூரியர் பற்றி ஒரு வரி: மிச்சத் துணியில் தைத்த சுருக்குப்பைக்குள் குர்தா, வெளியே தடித்த பழுப்புத் தாள் உறை, தண்ணீர் தடவி ஒட்டும் காகித டேப். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் தாள் ஊறிவிடும், அந்த மூன்று மாதம் உள்ளே மெழுகுத்தாள் ஒரு சுற்று சுற்றுங்கள். முகவரியைப் பென்சிலாலோ பால்பாயிண்ட் பேனாவாலோ எழுதுங்கள், ஜெல் பேனா எழுத்து நனைந்தால் கரைந்துவிடலாம்.

---

மஞ்சள்பை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நான்கு சாக்கு இன்றைக்கே கட்டிவிட்டோம். ஒரு சந்தேகம்: கத்தரிமேசை அண்ணா சொன்ன குர்தா மார்பு 42. எங்களுக்கு எல், எக்ஸ்எல் ஆர்டர்தான் அதிகம். 44 இன்ச் துணியில் அதற்கு என்ன வழி?

---

கத்தரிமேசை எழுதியது:

44-இல் எல் அளவைத் திணிக்கப் பார்க்காதீர்கள், மறுபடி துண்டுதான் விழும். அகலத்தையே மாற்றுங்கள். துவைத்த பிறகு 48 நிற்கும் துணியில் ஒரு பக்கம் 24, மார்பு 46. கை 18 வீதம் இரண்டு, மிச்சம் 12 இன்ச் பட்டை. அக்குள் சதுரம் 6-க்கு 6 ஆகட்டும், பெரிய அளவுக்கு அது வசதியாக இருக்கும். மீதி 12-க்கு 9-இல் கழுத்து உள்பட்டியும் தாங்குபட்டியும் அடங்கும். அதே 59 இன்ச் நீளம்தான். எக்ஸ்எல்லுக்கு மட்டும் 48-இலேயே பக்கத்துக்கு ஒரு நேர்ப்பட்டை, 3 இன்ச் அகலத்தில், அக்குள் சதுரத்துக்குக் கீழே தொடங்கிக் கீழ்வரை வையுங்கள். தையல் போக 2 நிற்கும், மார்பு 50 ஆகும். சதுரத்தின் கீழ் முனையை அந்தப் பட்டையின் அகலத்துக்குத் திறந்து வைத்துச் சேர்க்கணும், முதலில் பழைய துணியில் ஒன்று தைத்துப் பாருங்கள்.

அகலத்தைச் சொல்லும் நேரம் முக்கியம். தறியில் பாவு ஏறிய பிறகு அகலத்தை மாற்ற முடியாது, அச்சும் (பாவு இழைகளைப் பிரித்து வைக்கும் சீப்பு) பாவு இழைக் கணக்கும் அதற்கு முன்பே முடிவாகிவிடும். பாவு போடும் முன்பே நெசவாளரிடம் பேசுங்கள். அப்போதும் "48 வேண்டும்" என்று மட்டும் சொன்னால் தறியில் 48 நெய்வார், துவைத்தால் 46 ஆகிக் கையில் வரும். உங்கள் 50 சென்டிமீட்டர் சதுரத்தில் ஊடை வாட்டச் சுருக்கம் எத்தனை வந்தது என்று எழுதி வைத்திருப்பீர்களே, அந்த எண்ணையும் துவைத்த துண்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டிப் பேசுங்கள்.